பாவாயிக்குப் போட்ட பேர்

1984இல் கிட்டப்பார்வை தீரக் டாக்டரிடம் கருவிழியைக் கீறிக்கொண்டேன். பத்து வருடமாகப் பார்வை வேளைக்கு வேளை மாறுகிறது; காலைக்கு ஒரு கண்ணாடி, மாலைக்கு ஒன்று. எதைப் போட்டாலும் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கத்தில் அவருடைய மங்கலான இரண்டாம் உருவம் தெரியும்.

“தழும்புதான். பழகிக்குங்க லா” என்றார் டாக்டர். பழகிக்கொண்டேன்.

மலேசியாவில் மந்தின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, வரிசையைப் பார்த்தே வந்தவர்களுக்குப் பேர் போடுவேன். இன்று மரம் சீவும் பாவாயிக்கும் போட்டேன்.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் செங்கோடன் என் செக்ரோல் ஏட்டை எட்டிப் பார்த்தார். “ஐயா, பாவாயி அக்கா ராத்திரியே தவறிருச்சே. லயத்து வீட்டுல கெடத்தியிருக்கோம். யாரப் பாத்துப் பேர் போட்டீங்க?”

நிமிர்ந்தேன். பாவாயியின் இடம் காலி. அதற்கு இடப்பக்கத்தில், பால் வாளியோடு, இரண்டாம் உருவம் மட்டும் நின்றது.

கண்ணாடியைக் கழற்றினேன். உயிரோடு நின்றவர்கள் எல்லாரும் மங்கினார்கள். அது மங்கவில்லை.