விழாத நிரல்

ராஜபாளையத்தில் எங்கள் அலுவலகத்தின் பின்னறை. ஜன்னலோரம் மேலாளர் லிங்கேஸ்வரன், கணினி முன்னால் நூற்பு இயந்திரத்தை இயக்கும் நிரலை சி மொழியில் எழுதிய எபனேசர், பக்கத்தில் அதைச் சோதிக்கிற மகாலட்சுமி, கதவோரம் கடிதம் அடிக்கிற நான். மேஜை நடுவே சோதனை மோட்டாரில், நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஒன்று சுழல்கிறது. நிரலில் கோளாறு வந்தால் மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில் அறுந்த நூலை ஒட்டுகிற பெண்களின் விரல்களுக்கு உத்தரவாதமில்லை. மகாலட்சுமி, நினைவகத்தில் தொடவே கூடாத இடத்தில் ஒரு எண்ணை எழுதவைத்துக் கோளாறை வரவழைக்கிறாள். திரையில் பச்சையாக 'ஓகே' வருகிறது. ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் பட்ட வெயில் சுவரில் நடுங்குகிறது. "பாத்தியா, புரோகிராம் கிராஷ் ஆகி விழவே இல்ல!" எபனேசர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சாய்கிறார். "மோட்டாரும் நிக்கலயேண்ணே." அவள் பிழையைப் பிடிக்கும் பகுதியைத் திறக்கிறாள். அடைப்புக்குறிக்குள் ஒரு வரிகூட இல்லை. எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் ஏற்பாடு. "பிழையப் பிடிச்சு என்னண்ணே செஞ்சீக? மடியில வச்சுக் கொஞ்சுனீகளா?"

"அத பொறவு பாத்துக்கிடலாம்," என்கிறார் லிங்கேஸ்வரன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "டெஸ்ட் பாஸுன்னு மில்லுக்கு லெட்டர் அடிங்க. கூரியர்காரர் நிக்காரு."

நான் கண்டதை வரிசை எண் போட்டு அடிக்கிறேன். ஒன்று, கோளாறு வந்தது. இரண்டு, மோட்டார் நிற்கவில்லை. மூன்று, இதை இயந்திரத்தில் பொருத்த வேண்டாம். லிங்கேஸ்வரன் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். உறையின் ஓரத்தில் பசை தடவி, இரண்டு தடவை அழுத்தி, கூரியர்காரரின் பையில் நானே போடுகிறேன்.