இவர்களை நிறுத்தியது யார்?

"முப்பது கோடிக்கு மேல ஜனம் இருக்கிற நாடு. தேடித் தேடி இந்த ரெண்டு பேரைத்தானா ஜனாதிபதி தேர்தல்ல நிறுத்தணும்?"

டுவேன் பீர்க் குவளையை வைத்த வேகத்தில் மேஜையே ஆடியது.

வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில மதுக்கடைகளில் வெள்ளி என்றால் மீன் வறுவல்தான். டுவேனின் பக்கத்தில் மனைவி லாரெய்ன். எதிரே அவள் அண்ணன் வெர்லின்.

மச்சான்கள் இருவரும் ஆளுக்கொரு கட்சி. தேர்தல் வந்தால் இதே மேஜையில் வரிந்து கட்டிக்கொண்டு மோதுவார்கள். இந்த முறை சண்டைக்கே வழியில்லை. இரண்டு வேட்பாளர்களையும் இரண்டு பேருக்குமே ஆகவில்லை.

"மெதுவா பேசு, டுவேன்," என்றாள் லாரெய்ன்.

"என்ன மெதுவா? எங்க கட்சி கிராண்டல் வாயைத் திறந்தா பொய். இவன் கட்சி ப்ரூயட் காசு குடுக்கிறவன் பக்கமெல்லாம் சாயறான். தூ!"

வெர்லின் தட்டிலிருந்த மீனைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"எங்க ஹாலிஸ் எப்படிப்பட்ட மனுஷன்! நம்ம காகித ஆலையை மூடினப்போ கொட்டுற பனியில வந்து வாசல்ல நின்னாரே! ஏப்ரல்ல கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டுல அவரைக் கவுத்துட்டு இந்தக் கிராண்டலைத் தூக்கி வெச்சிருக்கானுங்க. எந்த மடையன் ஓட்டுப் போட்டான்னு மட்டும் தெரியட்டும்..."

"தெரிஞ்சா?" என்றான் வெர்லின்.

"சட்டையைப் பிடிச்சுக் கேப்பேன்! ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்ல. வர்ற செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட வீட்டைவிட்டு நகரப் போறதில்ல. எல்லாம் அவனாலதான்!"

வெர்லின் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அப்போ என் சட்டையைப் பிடி, மச்சான்."

"என்ன உளர்றே?"

"நம்ம மாநிலத்துல அந்த ஏப்ரல் ஓட்டை ஆளுக்கு ஒரு கட்சியிலதான் போட முடியும். ஆனா எந்தக் கட்சின்னு யாரும் கேக்கறதில்லையே. எங்க கட்சியை விட்டுட்டு உங்க கட்சியில கிராண்டலுக்குப் போட்டேன். ஹாலிஸ் நின்னா எங்களால ஜெயிக்க முடியாது. கிராண்டல்னா ஊதித் தள்ளிடலாம்னு நெனச்சேன். என் கூட்டாளிங்களும் அப்படித்தான் போட்டாங்க."

டுவேனின் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"அடப்பாவி! அடுத்தவன் வீட்டுக்குள்ள புகுந்து அடுப்புல தண்ணி ஊத்துற வேலையில்ல இது? ஒரு நல்ல மனுஷனை ஒழிச்சுட்டு என் எதிர்லயே உக்காந்து மீன் திங்கறியா? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் இந்த நாடு நாசமாப் போகுது! எந்திரி! இனிமே இந்த மேஜையில உனக்கு இடமில்ல!"

கடையே திரும்பிப் பார்த்தது. கவுண்ட்டரில் இருந்த ஒருவர், "நல்லாக் கேளு!" என்று குரல் கொடுத்தார்.

வெர்லின் தலையைக் குனிந்தபடி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

லாரெய்ன் அவன் கையைப் பிடித்தாள். "உக்காருண்ணா."

"விடு அவனை! துரோகிக்கு என்ன பரிதாபம்?"

"அவன் போகணும்னா நீயும் எந்திரி, டுவேன்."

"நான் எதுக்கு?"

"அதே ஏப்ரல்ல அண்ணன் கட்சியிலயும் ஒரு நர்ஸம்மா நின்னாங்க. அவங்க வந்தா நம்ம கட்சி தேறாதுன்னு, அங்க போய் ப்ரூயட்டுக்கு ஓட்டுப் போட்டுட்டு, வீடு வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டே கார் ஓட்டிட்டு வந்தது யாரு?"

டுவேன் அவசரமாகக் குவளையை எடுத்து வாயில் வைத்தான்.

"ஹாலிஸ் ஹாலிஸ்னு இவ்வளவு கத்தறியே... அன்னிக்கு அவருக்கு நீயே ஓட்டுப் போடலியே, டுவேன்!"