பெட்டிக்குள் இருந்த தத்துப்பூச்சி

பசிபிக் தீவு ஒன்றில் பிடிபட்ட பெண் தத்துப்பூச்சி, முப்பது வருடமாக அருங்காட்சியகப் பெட்டிக்குள் ஊசியில் நின்றது. பூச்சி ஆய்வாளர் திருமலையப்பன் வருடத்துக்கு ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்.

"புது இனம்தான். ஆனா இனத்தைப் பிரிச்சுக் காட்டுற உறுப்பு ஆண் பூச்சியோட பின்பக்கத்துலதான் இருக்கு. அதை வெட்டிப் பாக்காம இதுக்குப் பேர் வைக்க முடியாதே" என்று பெட்டியை மூடிவிடுவார்.

ஒருநாள் அதே தீவிலிருந்து ஓர் ஆண் பூச்சி வந்து பக்கத்து ஊசியில் ஏறியது.

"அக்கா, நீங்க நம்ம ஆளுதானே?"

"வந்தியா? உனக்காகத்தான் இந்தப் பாச்சை உருண்டை நாத்தத்துல கிடக்கேன். இப்பவாவது நமக்கு ஒரு பேர் கிடைக்கட்டும்."

திருமலையப்பன் ஆணின் பின்பக்கத்தை வெட்டினார், படம் வரைந்தார், தன் பேராசிரியரின் பெயரை இனத்துக்கு வைத்தார்.

"அந்தப் பேராசிரியர் நம்ம தீவுக்கு வந்திருக்காரா?" என்றது ஆண்.

"கப்பல்ல ஏறினாலே அவருக்கு வாந்தி வருமாம். அதை விடு. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கார், பாரு."

ஆண் மேசைமேல் திருமலையப்பன் எழுதி வைத்திருந்த கட்டுரையை எட்டிப் பார்த்தது.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் பிடிபடலையாம், அக்கா. நாம ஒரே இனம்தான்னு சொல்ல ஆதாரம் இல்லையாம். அதனால..."

"அதனால?"

"'பெண் பூச்சி இதுவரை கிடைக்கவில்லை'ன்னு போட்டிருக்கார்."