தோட்டத்துப் பக்க ஜன்னல்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மலையடிவாரத்து சிக்னல் கேபினில் இருந்த ஒரே நாற்காலியில் ரயில்வே இன்ஸ்பெக்டர் ப்ரீஸ். நிலக்கரிப் பெட்டிமேல் கைக்குட்டையை விரித்து, பக்கத்துப் பிரபுவின் மாளிகைக் காரியஸ்தர் லாங்ரிஜ். கருவிப் பெட்டியின்மேல், அழைக்காமலே வந்த, அந்தப் பிரபுவின் மகள் அகஸ்டா. சிக்னல்காரன் ஜேபஸுக்கு இடமில்லை. சிக்னலை இயக்கும் லீவர்களின் பக்கத்தில் நின்றான்.

கீழே செங்கல், மேலே நாலு பக்கமும் கண்ணாடி. கேபின் கட்டிய விதம் அப்படி.

மாளிகைத் தோட்டத்தில் நிற்கும் தன் மகளைப் பின்பக்க ஜன்னல் வழியாக ஜேபஸ் வெறித்துப் பார்க்கிறான் என்று பிரபு புகார் கொடுத்திருந்தார். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜேபஸ் கையெழுத்துப் போட்டால் ஊர் மாற்றம். போடாவிட்டால் வேலை போகும்.

"போட்டுத் தொலையேன்பா. அங்க என்ன, ரோஜாப்பூவையா பார்த்துக்கிட்டிருந்த?" என்றார் லாங்ரிஜ்.

"வளைவுல வர்ற வண்டி அந்த ஜன்னல்லதாங்க தெரியும். வண்டிக்குத் திரும்புவேன். அந்தம்மாவுக்காக ஒரு நாளும் தலையைத் திருப்புனதில்ல. செய்யாததுக்குக் கையெழுத்துன்னா, வேலையை நீங்களே வச்சுக்கங்க."

அகஸ்டா எழுந்தாள். இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"கோடை முழுக்க மதிலோரம் வந்து நின்னது நான். பார்த்தது நான். இந்த மனுஷன் எனக்காக ஒரு தடவைகூடத் திரும்பல."

"சின்னம்மா! அப்பா காதுக்குப் போனா..."

"அவருக்கும் ஒரு நகல் எழுதட்டுமா, காரியஸ்தரே?"

சொன்னதையே ரயில் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினாள். அடியில் முழுப் பெயர். அடுப்பு மூடியில் அரக்கை உருக்கி, உறைமேல் ஊற்றி, மோதிரத்தை அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்து விழாத ஒப்புதல் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்கால வண்டி வந்து நின்றது. உறையை வாங்கிக்கொண்டு ஜேபஸ் படியிறங்கினான்.

அவளுக்காக ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதில் பொய்யில்லை.

கேபினின் முன்புறம் மலைச்சரிவு. பொழுது சாய்ந்தால், தோட்டத்தில் வெளிச்சம் இருக்கும்போதே அங்கே இருட்டு கட்டிவிடும்; முன்பக்கத்துக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். பின்னாலிருக்கும் மதிலும், மதிலோரத்து நீலத் தொப்பியும், காற்றில் கலையும் முடியை அவள் ஒதுக்கிவிடுவதும் அதில் அப்படியே விழும்.

கோடை முழுக்க விழுந்தது.

ஜேபஸ் உறையை ரயில் கார்டின் கையில் கொடுத்தான். "பத்திரம்ண்ணே," என்றான். வண்டி புறப்பட்டது.