மகேசுக்குப் பிடித்த சொதி

“மகேசு எப்பவும் சொல்லுவாம்மா, எங்கம்மா வைக்க சொதி மாதிரி உலகத்துலயே கிடையாதுன்னு.”

முத்துமாலை மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். அம்பலவாணனின் கை இலையிலேயே நின்றது.

பொய். வாய் கூசாத பொய்!

மகேஸ்வரன் பிறந்ததிலிருந்து சொதியைத் தொட்டதே கிடையாது. தேங்காய்ப்பால் வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவான். அவன் பட்டாளத்துக்குப் போய், பனிச்சரிவில் சிக்கி, கொடி போர்த்திய பெட்டியில் வீடு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பயல் அவனுடைய உயிர்ச் சிநேகிதனாம். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் உடன்குடிக் கருப்பட்டியும் கையுமாக இங்கே வந்து நிற்கிறான். அப்பா, அம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான். எதற்கு அடிபோடுகிறான்?

மூன்று தடவை பொறுத்தாயிற்று. இன்றைக்கு விடுவதாக இல்லை.

“கேட்டீங்களா, நம்ம மகேசு சொன்னதை?” கோமு பூரித்துப்போய் அவர் இலையில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள்.

பெற்றவளுக்கே மறந்துவிட்டதா? துக்கத்தில் அவள் புத்தி பேதலித்து வருகிறதோ? அதைத் தெரிந்துகொண்டுதான் இவன் கதை அளக்கிறானோ?

விருந்துக்கு வைக்கிற குழம்பு இந்த வீட்டில் இனி எதற்கு என்று சொதியை நிறுத்தியதே அவர்தான். ஆனால் இவன் வந்தால் மட்டும் அது அடுப்பில் ஏறிவிடுகிறது. மகன் பெயரைச் சொல்லிச் சமைப்பவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

“நீங்க ரெண்டு பேரும் எங்கன வச்சுப் பழகுனீங்க, தம்பி?” என்று பைய ஆரம்பித்தார்.

“அது... ட்ரெயினிங்லப்பா.”

“போன தடவை காஷ்மீருன்னியே?”

முத்துமாலைக்குப் புரையேறியது. கோமு பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினாள்.

“சாப்பிடுத பிள்ளைட்ட என்னங்க விசாரணை? இஞ்சிப் பச்சடி வைக்கவா?”

அவருக்குக் கோபத்தில் எதைத் தின்றோம் என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் இலை காலியாக இருந்தது.

கிளம்பும்போது, “பஸ் ஏத்திவிட்டுட்டு வாரேன்” என்று அவரே ஸ்கூட்டரை எடுத்தார். வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப் நெரிசலில் ஓர் ஓரமாக நிறுத்தினார்.

“இறங்குலே. என் மவன் சொதியைக் கையால தொடமாட்டான். யாருலே நீ? என்ன வேணும் ஒனக்கு?”

முத்துமாலையின் முகம் செத்துப்போயிற்று.

“அப்பா... நான் மகேசை உசுரோட பாத்ததே இல்ல.”

“அடப்பாவி!”

“நான் வேற யூனிட்டு. பெட்டிகூடப் போகத் தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்னு என்னை அனுப்புனாங்க. அன்னைக்கு நீங்க தலை நிமிந்து யாரையும் பாக்கலப்பா.”

அம்பலவாணன் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பிள்ளையைப் பறிகொடுத்தவ அவ. நீ சொல்லுததை எல்லாம் நம்பி, பைத்தியக்காரி மாதிரி விழுந்து விழுந்து சமைக்கா. அவளை ஏமாத்த எப்படிலே மனசு வந்துது?”

“அம்மாவுக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கே சொல்லிட்டேன், எனக்கு அவரைத் தெரியாதுன்னு.”

பிடி தளர்ந்தது.

“அப்ப அந்தச் சொதிக் கதை?”

“அம்மாதான் போன் போட்டுச் சொல்லிக்குடுத்தாங்க. ‘சொதின்னா எங்க வீட்டுக்காரருக்குத்தான் உசுரு. பிள்ளை போனதுல இருந்து ரெண்டு வாய்க்கு மேல இறங்கமாட்டேங்கு. நான் சொன்னா சாப்பிட மாட்டாரு, மகேசு பேரைச் சொன்னாத்தான் சாப்பிடுவாரு. லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு எட்டு வந்துட்டுப் போய்யா’ன்னு அழுதாங்கப்பா.”

பஸ் வந்து நின்றது. அம்பலவாணன் கசங்கிய காலரை நீவிவிட்டார்.

“அடுத்த லீவு எப்பம்லே?”