பூமாரி வீட்டுக் குலவை

இது நான் பார்த்ததல்ல. தோழி சத்யப்பிரியா சொல்லக் கேட்டது. கூட்டிச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

சொந்த ஊர்ச் சாமியைச் செல்போனில் கும்பிடும் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றித்தான் சத்யப்பிரியாவின் ஆராய்ச்சி. அன்று நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா. அந்த ஊர்ப் பெண் பூமாரி, போன் கம்பெனி வேலைக்காகப் பென்னலூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். "மதியக் கொடையை வீடியோ கால்ல பாப்பேன், நீங்களும் வாங்கக்கா" என்று சொல்லியிருந்தாள்.

படியேறும்போதே குலவைச் சத்தம் கேட்டது. பின்னாலேயே இருமல். அப்புறம் சிரிப்பு.

அறையில் பூமாரி இல்லை. கீழ்வீட்டு ஓனர் மகள் ஷாரோன், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு, பூமாரியின் போன் முன்னால் உட்கார்ந்து நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

சத்யப்பிரியாவுக்குச் சுள்ளென்று வந்தது. "அடுத்தவங்க சாமி உனக்கு விளையாட்டா இருக்கா?"

"அய்ய, கத்தாதக்கா! கால் லைன்ல கீது." ஷாரோன் போனை எட்டிப் பார்த்தாள். "நல்ல வேள, மியூட்ல கீது."

போனில் மேளம் முழங்கியது. பச்சைச் சேலை கட்டிய, கன்னம் ஒட்டிய ஓர் அம்மா திரை முழுக்கத் தெரிந்தார். இந்தப் பக்கத்துக் கேமராவை ஷாரோன் விரலால் மூடியிருந்தாள்.

"ஏட்டி பூமாரி, கேக்கா? ஒரேயொருக்கா மொகத்தக் காட்டேன் தாயி."

"பூமாரி எங்கே?" என்றாள் சத்யப்பிரியா.

"கம்பெனில. நேத்து லீவ கேன்சல் பண்ட்டாங்க. காத்தால பஸ் ஏறச்சொல்ல அழுதுகினே போச்சி. நாள் பூரா அங்க செய்யறது போனு, உள்ள எடுத்துனு போவக் கூடாததும் போனு. நல்ல கம்பெனி!"

"அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்பிடிக்கா சொல்லும்? படைப்பு போடும்போது வூட்டுக்கு வூடு பொண்ணுங்க கொலவ போடணுமாம். அந்தம்மாவுக்கு இது ஒண்ணுதான் பொண்ணு. மக கொலவ கேட்டாத்தான் வெரதம் விடுமாம். போன வருசம் கேக்காம பட்டினியாவே படுத்துச்சாம்."

"அதுக்கு நீயா?"

"நேத்து சாயங்காலம் மொட்ட மாடில பூமாரி கத்துக்குடுத்துச்சி. நாக்கே சுளுக்கிக்கிச்சிக்கா."

"ஏமாத்துறதுதானே இது? உங்க ஏசு கோச்சுக்க மாட்டாரா?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீ நோட்ல எழுதிடாத."

சத்யப்பிரியா எழுதிவிட்டாள்: 'தாய்க்குத் தெரியாமல்.'

மேளம் உச்சத்துக்குப் போனது. "போடு தாயி!" என்று அம்மா போனை அம்மன் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஷாரோன் மியூட்டை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குலவை போட்டாள். இருமல் இல்லை, சிரிப்பு இல்லை.

மூச்சு முடியும் நேரத்தில் கீழேயிருந்து அவள் அம்மாவின் குரல்.

"அடியே ஷாரோன்! சோறு ஆறிப்போவுது, மேல இன்னாடி கூத்து?"

ஷாரோன் பட்டென்று மியூட்டை அழுத்தினாள்.

திரையில் பூமாரி அம்மாவின் முகம் திரும்ப வந்தது.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் தாயி. அம்மன் கேட்டுட்டா. போய்ச் சாப்பிடு."

அழைப்பு துண்டானது.

"மேளச் சத்தத்துல காதுல வுழல. தப்பிச்சோம்டா சாமி," என்று நெஞ்சில் கைவைத்தாள் ஷாரோன். எந்தச் சாமி என்று சத்யப்பிரியா கேட்கவில்லை.

சத்யப்பிரியா அங்கேயே காத்திருந்தாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த பூமாரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மனைப் பற்றியும் கேட்கவில்லை.

"அம்ம என்ன சேல கெட்டியிருந்தா?"

"பச்ச," என்றாள் ஷாரோன்.

"நான் எடுத்து அனுப்புனது." கொஞ்ச நேரம் போனின் வெறும் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். "மெலிஞ்சிருக்காளா?"

"சீச்சீ. நல்லா குண்டாதான் கீறாங்க."

அது பொய் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். இந்த முறை எழுதவில்லை.

அவள் சொன்னது அவ்வளவுதான். பிறகு பூமாரியைக் கேட்டு ஒன்றை மட்டும் நானே உறுதி செய்துகொண்டேன்.

கொடை முடிந்து ஊரிலிருந்து பார்சல் வந்தது உண்மை. அதில் இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் அம்மனுக்குப் பூசிய மஞ்சணையும் பூவும், படைத்த முந்திரிக்கொத்துப் பலகாரமும். இன்னொன்றில் வெறும் முந்திரிக்கொத்து. சாமிக்குப் படைத்ததை வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், சாப்பிட மாட்டார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பூமாரியின் அம்மா போனில் சொன்னாராம்: "ரெண்டாவது படைக்காதது, ஷாரோன் புள்ளைக்குக் குடு. பாவம், அன்னைக்கு எனக்காவ ஆறுன சோத்தத் தின்னிருக்கும்."