மிச்சம் விழுந்த ரெண்டு இஞ்சு

ஒரு தையல் கடையில் இருந்த மஞ்சள் இஞ்சு டேப்புக்குக் கணக்கு என்றால் உயிர். அன்றைக்கு நாலு பொம்மைகள் மூச்சிரைக்க ஓடி வந்தன.

"சாயங்காலம் எங்க நாடகம்! இடுப்புப்பட்டி வேணும். இடுப்பு ஆளுக்கு ஏழரை இஞ்சு. ரிப்பன் முப்பது இஞ்சு இருக்கு. போதுமா?"

டேப்புக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நாலேழு இருபத்தெட்டு, நாலு அரை ரெண்டு, ஆகமொத்தம் முப்பது! கச்சிதம்!"

"அண்ணே, நேத்து ஒரு விஷயம்…" என்று இழுத்தது கத்திரி.

"கணக்குப் போடும்போது குறுக்கே பேசாதே! நான் அளக்கறேன், நீ வெட்டு!"

நாலு துண்டு வெட்டி முடித்த பிறகும் ரிப்பனில் ரெண்டு இஞ்சு மிச்சம் கிடந்தது. டேப் குதியாய்க் குதித்தது. "பாத்தியா! நான் அளந்தா மிச்சமே விழும்!"

பொம்மைகள் பட்டியை இடுப்பில் சுற்றிப் பார்த்தன. ஒருவருக்கும் முனையோடு முனை சேரவில்லை.

"மத்தியானம் என்னத்தைச் சாப்பிட்டீங்க?" என்று அதட்டியது டேப்.

கத்திரி ஒரு மஞ்சள் துணுக்கை மெல்ல முன்னால் தள்ளியது.

"இதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன், அண்ணே. நேத்து தெரியாம உங்க நுனியில அரை இஞ்சு நறுக்கிட்டேன்."